பூனைத் தட்டுக்கு ஒரு நாள் கெடு

பூனை வளர்க்கும் வீட்டில் நாள் தவறாமல் செய்தாக வேண்டிய சுத்த வேலை ஒன்றுதான்: அதன் மலத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அள்ளிவிடுவது. முடி, மூத்திர நாற்றம், நகக்கீறல் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. ஆனால் செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாள் நெருங்கி, பூனைக்கும் ஊசி போட வேண்டுமா என்ற விசாரிப்பு கிளம்பும்போது கூடவே வரும் கடிதங்கள் பல, தரை துடைக்க எந்த பினாயில் நல்லது என்றே கேட்கின்றன.

ஒரு நாள் என்ற கணக்குக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா காண்டி என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908-இல் துனிஸ் நகரில், எலி போன்ற ஒரு காட்டுப் பிராணியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. பூனைக் குலத்தின் குடலில்தான் இது முட்டையிட்டுப் பெருகுகிறது என்பது உறுதியாக மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1970 வாக்கில் அதை நிறுவியவர்களுள் இந்தியாவில் பிறந்த கால்நடை அறிவியலாளர் ஜே. பி. துபேயும் ஒருவர். எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல்முறை தொற்று வாங்கும் பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தோடு லட்சக்கணக்கில் முட்டைகளை வெளியேற்றும். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே தடவைதான். அதனால் கிழட்டுப் பூனையைவிட, இப்போதுதான் வேட்டை பழகும் குட்டியே கவனிக்க வேண்டிய ஆள்.

நுட்பம் இதற்கு மேல்தான் இருக்கிறது. புதிதாக விழுந்த மலத்தில் உள்ள முட்டை யாருக்கும் நோய் தராது. காற்றும் ஈரமும் பட்டு, உள்ளுக்குள் பிரிந்து முதிர்ந்த பிறகே அது தொற்றும். அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். வெப்பமான ஊரில் கெடு சீக்கிரம் முடியும். காலையில் அள்ளிவிட்டால் ஒட்டுண்ணி தயாராவதற்குள் கதை முடிந்தது. இரண்டு நாள் போட்டுவைத்தால், அதே தட்டு வேறு பொருளாகிவிடுகிறது. முதிர்ந்த முட்டை ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பூனையைத் தொடுவதும் மடியில் வைத்துக்கொள்வதும் இந்த நோய்க்கு முக்கிய வழி அல்ல என்பதும் இதிலிருந்தே புரியும்: நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணியின் உடம்பில் மலம் இரண்டு நாள் ஒட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

'99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்' என்று புட்டியில் அச்சடித்திருப்பதை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கு பொதுவாகச் சில பாக்டீரியாக்களை வைத்துப் போட்டது. டாக்ஸோபிளாஸ்மா முட்டையின் சுவரை பிளீச்சிங் பவுடரும் துளைக்காது. கடையில் விற்கும் தரை திரவங்களையும் நம்ப முடியாது. விளம்பரம் பொய் என்று சொல்ல முடியாது. கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது, அவ்வளவுதான். முட்டையைக் கொல்வது சூடு. தட்டைக் கழுவி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தால் போதும். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊரான மணமேல்குடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வெந்நீரைத் தவறவிடக் கூடாது.

பினாயில் முட்டையை விட்டுவிட்டுப் பூனையைப் பிடித்துக்கொள்கிறது என்பது இதைவிடச் சங்கடமானது. பினால் வகைப் பொருள்களை மாற்றி வெளியேற்ற மனிதக் கல்லீரலில் ஒரு நொதி உண்டு. பூனைக் குலத்தில் அதற்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது. மனிதனுக்குச் சாதாரணமான ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் இதனால்தான். கருப்பு பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கும் பூனை நாள்தோறும் கொஞ்சம் நஞ்சு உண்கிறது. பைன் எண்ணெய் கலந்த வெள்ளை பினாயிலும் அதற்கு ஆகாது. பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படியே. பூனை நடக்கும் தரைக்கு சோப்புத் தண்ணீரே போதும்.

அறிவுரைத் துண்டறிக்கைகள் 'வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஆபத்து குறைவு' என்று சொல்வது உண்மை. ஆனால் அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் பூனை மணமேல்குடிப் பக்கம் அபூர்வம். ஓட்டு வீடும் முற்றமும் திறந்த மாடியும் உள்ள ஊரில், பூனை தூங்குவதும் தின்பதும் வீட்டுக்குள். இரவு முழுக்க ஊர் அதனுடையது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் கரை திரும்பும் நாள்களில் காரல் தலையும் மீன்குடலும் தாராளமாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் படி குறைந்தால், பூனை எலியையும் அணிலையும் தேடிப் போவதை யாரும் தடுக்க முடியாது. மீன் கொடுப்பவர்கள் வேகவைத்துக் கொடுப்பது நல்லது. சில பச்சை மீன்களில் தயமின் சத்தை அழிக்கும் நொதி இருக்கிறது, புழுவும் வரும்.

கடற்கரை முஸ்லிம் வீடுகளில் பூனை நடுக்கூடம் வரை உரிமையோடு வருகிறது. மார்க்கச் சட்டம் அதைத் தீட்டான பிராணியாகக் கருதுவதில்லை. அது வழிபாட்டுத் தூய்மையின் கணக்கு; மலத்தட்டின் கணக்கு தனி.

தட்டில் என்ன நிரப்புவது? 1947-இல் அமெரிக்காவில் எட் லோ என்பவர் உலர் களிமண்ணைப் பையில் கட்டிப் பூனை மண் என்று விற்கத் தொடங்கும்வரை உலகமே மணலையும் சாம்பலையும்தான் போட்டது. இங்கும் மணல் போதும். எங்கிருந்து எடுத்த மணல் என்பதே கேள்வி. கட்டுமானத்துக்காகத் தெருவில் கொட்டிவைத்த மணல் குவியல் ஊர்ப் பூனைகளின் பொதுக் கழிப்பறை. அதில் அள்ளினால் பக்கத்து வீட்டுப் பூனையின் முட்டைகளும் புழுக்களும் வீட்டுக்கு வரும். அதே குவியலில்தான் பிள்ளைகளும் வீடு கட்டி விளையாடுகிறார்கள். வீடு கட்டுகிறவர் இரவில் அதன் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடினால் தெருவுக்கே உபகாரம்.

அள்ளியதை 'முறையாக அப்புறப்படுத்துங்கள்' என்பதோடு அறிவுரைகள் நின்றுவிடுகின்றன. முறை எது என்றால், கட்டிக் குப்பையில் போடுவது, அல்லது கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தள்ளி ஆழப் புதைப்பது. வாய்க்காலில் வீசக் கூடாது. கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட முட்டைகளால் கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இறந்திருக்கின்றன. இந்த ஊர்த் தண்ணீர் வடியும் பாக் விரிகுடாவிலோ, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் 2022-இல் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கென்றே காப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

நிலத்தில் தண்ணீர் வழியாகப் பரவியதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004-05 காலத்தில் கோவை அரவிந்த் கண் மருத்துவமனையில் 248 பேருக்கு டாக்ஸோபிளாஸ்மாவால் வந்த விழித்திரை அழற்சி கண்டறியப்பட்டது. குடிநீரில் கலந்த முட்டைகளே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கும் அளவு குளோரின் இந்த முட்டையை ஒன்றும் செய்வதில்லை. தொட்டியை மூடிவைப்பதும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதும்தான் வீட்டளவில் முடிந்த காப்பு.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொல்வது தேவையற்ற கொடுமை. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்று வந்தால்தான் கருவுக்கு ஆபத்து. தொடக்க மாதங்களில் கருவுக்குப் பரவுவது குறைவு, பரவினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் இது தலைகீழ். ரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழைய தொற்று என்று பொருள். அதற்காகப் பதற வேண்டியதில்லை, முடிவை மருத்துவர் சொல்லட்டும். தட்டை வேறு யாராவது அள்ள வேண்டும். ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்பால் கை கழுவலாம். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும் பூனைத் தட்டுக்கு இளைத்தவை அல்ல.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல, எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள புரதம். காய்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூத்திரக் கறையில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்; நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சமையல் சோடா தூவலாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்து பூனையைக் கொல்லும். வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், வீட்டாருக்கும் ஒட்டும். பூனைக்கு ரேபிஸ் ஊசி கட்டாயம் வேண்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் ஊசிக்கான நாள்கள் 0, 3, 7, 28.