கடற்கரையில் ஒரு தச்சன் மகள்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ளது லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர். ‘ரீஜிஸ்’ என்பது இலத்தீன் சொல். ‘அரசனுடைய’ என்பது அதன் பொருள். 1284-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் உரிமைப் பட்டயம் வழங்கியதால் இப்பெயர் ஏற்பட்டது. அரசன் பெயரைத் தாங்கிய இவ்வூருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவளோ, ஓர் ஏழைத் தச்சனின் மகள்!

இங்கு செல்வோர் முதலில் காண்பது ‘காப்’ எனப்படும் வளைந்த துறைமுகச் சுவர். ஆதியில் கருவாலி மரத் தூண்களை நட்டு, இடையே பாறைகளை நிரப்பி இதைக் கட்டினார்கள். 1824-ஆம் ஆண்டுப் புயல் இதைச் சிதைக்கவே, போர்ட்லாந்துக் கல்லால் வலுவாகப் புதுப்பித்தார்கள். ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1804-இல் இவ்வூரில் வந்து தங்கினார். அவருடைய ‘பர்சுவேஷன்’ நாவலில் லூயிசா என்னும் பெண் படியிலிருந்து குதித்து விழுவது இச்சுவரில்தான்.

கடலில் குளித்தால் நோய் தீரும் என்று 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கூறி வந்தனர். அதைக் கேட்டுச் செல்வர்கள் இங்கு வரத் தொடங்கினர். வாணிகம் குன்றியிருந்த துறைமுகம் உல்லாச ஊராயிற்று. வந்தவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றவை, கரையில் கிடைத்த விந்தையான கற்கள்.

அக்கற்களின் வரலாறு என்ன? ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலின் அடித்தளமாக இருந்தது. மடிந்த உயிர்கள் சேற்றில் புதைந்தன. சேறு இறுகிப் பாறையானபோது, எலும்பும் ஓடும் கல்லாயின. இவையே தொல்லுயிர்ப் படிவங்கள். இங்குள்ள குன்றுகளில் சுண்ணாம்புக் கல்லும் களிமண் பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. குளிர்கால மழை களிமண்ணை ஊறச் செய்கிறது. அலைகள் அடியை அரிக்கின்றன. குன்று சரிய, உள்ளே உறங்கியவை வெளிப்படுகின்றன. உடனே எடுக்காவிட்டால் கடல் கொண்டுபோய் விடும். ஆகவே ஆபத்தான காலமே இங்கு அறுவடைக் காலம்.

1799-இல் இவ்வூரில் பிறந்தாள் மேரி ஆனிங். 1810-இல் தந்தை இறந்தார், கடனே மிஞ்சியது. ஞாயிறு பள்ளியில் எழுத்தறிந்த அச்சிறுமி, சுத்தியலும் கூடையுமாகக் குன்றடிக்குச் சென்று, கிடைத்ததை விற்றுக் குடும்பத்துக்கு உதவினாள். 1811-இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். மறு ஆண்டு அதன் உடலை மேரி கண்டுபிடித்தாள். அது ‘இக்தியோசார்’ என்னும் கடல்வாழ் ஊர்வன. 23 பவுண்டுக்கு விலைபோயிற்று. அப்போது அவளுக்கு வயது சுமார் பன்னிரண்டு!

1823-இல் நீண்ட கழுத்துடைய ‘பிளீசியோசார்’ ஒன்றை முழுமையாக எடுத்தார். இப்படியும் ஒரு பிராணி இருக்குமா என்று பிரான்சு நாட்டுப் பேரறிஞர் குவியே ஐயுற்றார். பின்னர் உண்மையென ஏற்றார். 1824-இல் இலண்டன் நிலவியல் சங்கத்தில் கானிபேர் அதைப் பற்றி உரையாற்றியபோது மேரியின் பெயரைச் சொல்லவே இல்லை. பெண்களுக்கு அச்சங்கத்தில் இடமில்லை. 1919-இல்தான் அவர்கள் உறுப்பினராயினர். 1833-இல் ஒரு மண்சரிவு, அவருடைய கண்ணெதிரே அவரது நாய் டிரேயைப் புதைத்தது. எனினும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை. 1847-இல் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார்.

குன்றின் மேலுள்ள புனித மிக்கேல் ஆலயத்தின் முற்றத்தில் அவரது கல்லறை உள்ளது. உள்ளே அவர் நினைவாக 1850-இல் வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று ஒளிர்கிறது. அதில் இருப்பவை எலும்புகள் அல்ல. பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்கு நீர், ஆடையற்றோர்க்கு ஆடை, வீடற்றோர்க்கு இடம், நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் சந்தித்தல் என்று, ஞானோபதேச வகுப்பில் நாம் படித்த இரக்கச் செயல்கள் ஆறு! அவரைச் சேர்த்துக் கொள்ளாத சங்கத்தின் உறுப்பினர்களும், ஊர்க் குருவும் சேர்ந்து அளித்த காணிக்கை அது.

அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஊர் அருங்காட்சியகம் நிற்கிறது. இக்கடற்கரையை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கரையில் கிடக்கும் படிவங்களை நாமும் தேடலாம். ஆனால் அலை வற்றும் நேரம் அறிந்து செல்ல வேண்டும். குன்றின் அடியில் நிற்கக் கூடாது. குன்றைத் தோண்டவும் கூடாது.

நெடுங்காலம் மேரிக்கு அவ்வூரில் சிலை இல்லை. அது ஏன் என்று கேட்டவள் ஒரு பள்ளிச் சிறுமி. அவளும் அவள் தாயும் தொடங்கிய முயற்சியால், 2022 மே 21-ஆம் நாள், மேரியின் பிறந்த நாளன்று, சிலை திறக்கப்பட்டது. அருகே டிரேயும் உண்டு.

தோழியரே, நம் பாடநூல்களில் கண்டுபிடிப்புகளின் கீழ் அறிஞர் பெயர்களைப் படிக்கிறோம். அவற்றை முதலில் மண்ணிலிருந்து எடுத்த கை யாருடையது என்று கேட்கவும் பழகுவோமாக!