குலுக்கை இருக்கும் அறையை இடிப்பது எப்படி? ஓடும் கெர்னலில் மெமரி சேர்ப்பதும் எடுப்பதும்

போன கோடையில் சீவலப்பேரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டை இடித்துக் கட்டலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தோம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே காலையில் முன்கட்டுக்கு மாற்றியாச்சு. கடைசி அறையில் ஒரு குலுக்கை. தாத்தா காலத்தில் அறைக்குள்ளேயே மண் குழைத்துக் கட்டிய நெல் குலுக்கை, வாசலைவிட அகலம்.

"ஆச்சி, இது வாசல் வழியா வராது. உடைக்கத்தான் செய்யணும்" என்றார் கொத்தனார்.

"அப்ப அந்த ரூமை விட்டுருங்க. மத்ததை இடிங்க" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பதிலை லினக்ஸ் கெர்னல் எனக்கு ஒரு ராத்திரி சொல்லியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் விர்ச்சுவல் மெஷினுக்கு, கூட்டம் அதிகமான ஒரு வாரத்துக்கு மட்டும், 16 ஜிபியோடு இன்னும் 16 ஜிபி சேர்த்தோம். மெஷினை நிறுத்தவே இல்லை. சேர்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "வாரம் முடிந்ததும் இதே மாதிரி நிறுத்தாமலே திருப்பி எடுத்துடலாம்" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த 16 ஜிபி, கெர்னல் கணக்கில் 128 எம்பி அளவுள்ள 128 துண்டுகள். எடுக்கப் போனபோது 41 துண்டுதான் வந்தது. மற்றதுக்கெல்லாம் ஒரே பதில்: "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி". விடியற்காலை மூன்று மணிக்கு ரீபூட் பண்ண வேண்டியதாயிற்று. வாக்கும் போச்சு.

சேர்ப்பது ஏன் சுலபம், எடுப்பது ஏன் கஷ்டம்?

முதலில் சேர்ப்பதைப் பார்க்கலாம். அதில் இரண்டு படி உண்டு. முதல் படியில் கெர்னல் புது மெமரிக்குக் கணக்கு நோட்டு போடும். மெமரியை 4 கேபி அளவுள்ள பேஜ்களாகப் பிரித்து, ஒவ்வொரு பேஜுக்கும் 64 பைட்டில் ஒரு பதிவு வைக்கும். ஒரு ஜிபிக்கு 2,62,144 பேஜ், அதாவது கணக்கு நோட்டுக்கு மட்டும் 16 எம்பி. இரண்டாவது படிதான் 'ஆன்லைன்'. அந்த பேஜ்களை எல்லாம், கேட்பவர்களுக்கு மெமரி பங்கிட்டுக் கொடுக்கும் அலகேட்டரிடம் ஒப்படைப்பது.

இதில் ஒரு வேடிக்கை. மெமரி பற்றாக்குறை என்றுதானே புதுசு சேர்க்கிறோம்? ஆனால் அந்தக் கணக்கு நோட்டை எழுதவே பழைய மெமரியில் இடம் வேண்டும். நோட்டைப் புது மெமரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி 2021-இல், 5.13 பதிப்பில்தான் வந்தது.

எடுப்பதற்கு இதைத் தலைகீழாகச் செய்தால் போதுமா? போதாது. ஏனென்றால் இப்போது அங்கே ஆள் குடியிருக்கிறது. நம் புரோகிராம்களின் டேட்டா என்றால் பிரச்சினை இல்லை. ஒரு புரோகிராமுக்குத் தன் டேட்டா நிஜத்தில் எந்த பேஜில் இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது விர்ச்சுவல் முகவரி மட்டும். கெர்னல் டேட்டாவை வேறு பேஜுக்கு நகலெடுத்து, பேஜ் டேபிளில் ஒரு வரியை மாற்றிவிட்டால் முடிந்தது. புரோகிராமுக்கு வீடு மாறியதே தெரியாது. இவைதான் கட்டிலும் பீரோவும்.

கெர்னல் தனக்காக வைத்திருக்கும் பொருள்கள் அப்படி இல்லை. பெரும்பாலும் அது நிஜ முகவரியோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டி, நேரடியாகவே போய்த் தொடும். அந்த முகவரியை எத்தனை இடத்தில் குறித்து வைத்திருக்கிறது என்று தேடிப் பிடித்துத் திருத்த வழி இல்லை. நகர்த்தினால் எங்கேயோ ஒரு இடத்தில் உடையும். இவைதான் குலுக்கை. 128 எம்பி துண்டில் இப்படி ஒரே ஒரு 4 கேபி பேஜ் உட்கார்ந்திருந்தாலும் போதும், அந்தத் துண்டு முழுக்க வராது.

லினக்ஸின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. மெமரி சேர்க்கும் நிரல் 2005-இல் உள்ளே வந்தது. எடுக்கும் நிரல் வர 2007 ஆயிற்று. அதே 2007-இல் மெல் கோர்மன் கொண்டுவந்த 'ஜோன் மூவபிள்' என்ற ஏற்பாடு இதற்கு அடித்தளம். விஷயம் ரொம்ப எளிது: மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, "இங்கே நகர்த்தக்கூடியதை மட்டும்தான் வைக்கணும்" என்று முதலிலேயே விதி போட்டுவிடுவது. அந்த அறையில் குலுக்கை கட்டவே அனுமதி இல்லை.

அப்படியென்றால் எல்லாத்தையும் மூவபிள் ஆக்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த சிக்கல். கெர்னல் தன் தேவைக்கு அந்தப் பகுதியைத் தொட முடியாது. மூவபிள் பக்கம் பல ஜிபி காலியாக இருக்கும்போதே, கெர்னல் பக்கம் இடம் இல்லாமல் மெஷின் திணறலாம். மூவபிள் மூன்று பங்கு, மற்றது ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. மிஞ்சிப்போனால் நாலுக்கு ஒன்று.

ஆர்ம் 64-பிட் கணினிகளிலும் இதே கதைதான். அங்கே சேர்க்கும் வசதி 2019-இல் 5.0 பதிப்போடு வந்துவிட்டது. எடுக்கும் வசதி வந்தது 2020-இல், 5.7 பதிப்பில். எழுதியவர் ஆர்ம் நிறுவனத்தின் அன்ஷுமன் கண்டுவல். கெர்னலின் பேஜ் டேபிள்களைக் கலைக்கும் நேரத்தில் வேறொருவர் அதையே படித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் அதில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு விஷயமும் சேர்த்தார்: பூட் ஆகும்போதே இருந்த மெமரியை ஆர்மில் எடுக்கவே விடக்கூடாது. காரணம், ரீபூட் இல்லாமல் கெக்ஸெக் வழியாக அடுத்த கெர்னல் வந்தால், அது ஆரம்பத்தில் கிடைத்த பழைய மெமரி வரைபடத்தைத்தான் நம்பும். இல்லாத அறைக்குள் கால் வைக்கும்.

விர்ச்சுவல் மெஷின்களுக்கு 2020-இல் 5.8 பதிப்பில் வந்த விர்ட்டியோ-மெம், 128 எம்பிக்குப் பதிலாகச் சில எம்பி அளவுள்ள சின்னத் துண்டுகளாக எடுக்க வழி செய்தது. ஒரு துண்டு வராவிட்டாலும் பக்கத்தில் இருப்பது வரும். எங்க அம்மா சொன்ன தீர்வும் இதுதானே?

அந்த ராத்திரி நான் பண்ணின தப்பு இப்போது புரிந்திருக்கும். சேர்க்கும்போது அந்தத் துண்டுகளின் 'ஸ்டேட்' கோப்பில் 'ஆன்லைன்' என்று எழுதினேன். 'ஆன்லைன்_மூவபிள்' என்று எழுதியிருக்கணும். எடுக்கிற ராத்திரியில் நான் முட்டி மோதினதுக்கு அர்த்தமே இல்லை, விஷயம் ஒரு வாரம் முன்னாடியே முடிவாகிவிட்டது. இப்போதெல்லாம் யாராவது "தற்காலிகமா கொஞ்சம் மெமரி சேருங்க" என்றால், எப்போது திருப்பி எடுக்கணும் என்று முதலில் கேட்கிறேன். நிறுத்தாமல் முழுசாகத் திருப்பித் தருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை. மூவபிளில்கூட, ஏதாவது டிரைவர் ஒரு பேஜைப் பிடித்து வைத்துக்கொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

பின்கட்டு வேலை முடிந்துவிட்டது. குலுக்கை அறை மட்டும் பழைய ஓட்டோடு அப்படியே நிற்கிறது. உள்ளே நெல் இல்லை, அம்மா பழைய வெங்கலப் பாத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.