அண்ணன் பெயருக்கு எதுகையா தங்கை?

உடன்பிறந்தவர்களின் பெயர்கள் ஒன்றோடொன்று இயைந்து ஒலிக்க வேண்டுமா? இரண்டாவது குழந்தையின் தொட்டிலருகே பல வீடுகளில் எழும் கேள்வி இது.

என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பதினாறாம் நாள். கூடத்தில் தொட்டில் கட்டியாகிவிட்டது. பெயர் மட்டும் முடிவாகவில்லை. மூத்தவன் பெயர் 'க'வில் தொடங்குகிறது, அதனால் இளையவளுக்கும் 'க'தான் என்கிறார் அவள் மாமியார். ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டில் ரோகிணி நட்சத்திரத்துக்கு ஓ, வ, வி, வு என்று இருக்கிறது. மாப்பிள்ளையின் செல்போனில் முப்பது பெயர்கள். எல்லாமே மூத்தவன் பெயரின் ஈற்றோடு ஒத்துப்போகிறவை. தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவனுக்கு வைக்கிறப்போ அர்த்தம் பார்த்து வெச்சோம். இவளுக்கு மட்டும் ஏண்ணே அவன் பேரைப் பார்த்து வைக்கணும்?"

கூடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இயைபின் மேல் ஆசை

ஒலி ஒத்த பெயர்கள் மேல் நமக்கு உள்ள ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, ஈறு ஒன்றினால் இயைபு என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. பாரியின் மகள்களை அங்கவை, சங்கவை என்கிறோம். புறநானூற்றிலோ அவர்கள் 'பாரி மகளிர்' மட்டும்தான். அங்கவை, சங்கவை என்பவை பிற்கால வழக்கில் வந்து சேர்ந்த பெயர்கள். பெயர் தெரியாத அக்கா தங்கைக்குப் பெயர் தேடியபோது, எதுகையும் இயைபும் கூடிய இரண்டு பெயர்களே தமிழ் மனத்துக்குத் தோன்றியிருக்கின்றன.

கந்த சஷ்டி கவசத்தை வீடுதோறும் ஒலிக்கச் செய்த சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி. சேர்ந்தே பாடியவர்களுக்குச் சேர்ந்தே ஒலிக்கும் பெயர்கள் அமைந்தன. பரமக்குடி வழக்கறிஞர் சீனிவாசனின் மகன்கள் சாருஹாசன், சந்திரஹாசன், கமல்ஹாசன். 'ஹாசன்' அவர்களின் தந்தை பெயரும் அல்ல, சாதிப் பெயரும் அல்ல. மூன்று பெயர்களையும் ஒரே சரத்தில் கோத்த இயைபு அது. இஸ்லாமியக் குடும்பங்களில் இரட்டை ஆண் குழந்தைகளுக்கு ஹசன், ஹுசைன் என்று நபிகள் நாயகத்தின் பேரர்களுடைய பெயர்களைச் சூட்டுவார்கள். இரண்டும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்தவை. ஹசனைச் செல்லமாகச் சுருக்கினால் ஹுசைன்.

கிராமங்களில் இன்னும் எளிய வழி ஒன்று இருந்தது. குலதெய்வத்தின் பெயர் ஒன்றுதான், அதற்கு முன்னால் பெரிய, சின்ன என்று சேர்த்துவிட்டால் போதும். பெரியசாமி, சின்னசாமி. பெரியக்காள், சின்னக்காள். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் இன்றுவரை நம் நாக்கு பிரித்துச் சொல்வதில்லை.

பெயரன்தான் பேரன்

இவ்வளவு இருந்தும், நம் பழைய வழக்கம் பிள்ளைகளின் பெயர்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததில்லை. 'பேரன்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பெயர்த்தி பேத்தியானாள். தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். பெண் பிள்ளைகளுக்கு அதே முறையில் அப்பத்தா பெயரும் அம்மாச்சி பெயரும். அண்ணன் பெயரும் தம்பி பெயரும் ஒத்து ஒலிக்கின்றனவா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு வம்சத்துக்கும் மரியாதை செய்தாயிற்றா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணனுக்கு அப்பாவின் அப்பா பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் அம்மா கடைசிவரை அவனை 'ராசா' என்றே கூப்பிட்டாள். எனக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். அந்தப் பெயரை மட்டும் அம்மா வாய் நிறையக் கூப்பிடுவாள். பெயரில் எங்களுக்குள் ஓர் எழுத்துகூட ஒட்டாது.

சோழர் அரண்மனையிலும் இதே வழக்கம்தான். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். மூன்று பெயர்களுக்கும் ஒலியில் உறவில்லை. ஆதித்தன் என்பது முன்னோர் பெயர். ராஜராஜனான அருள்மொழி, தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். உடன்பிறந்தவள் மேல் வைத்த அன்பு அடுத்த தலைமுறையின் பெயராயிற்று.

நம் காலத்திலும் ஒரு வீட்டைச் சொல்லலாம். கலைஞர் கருணாநிதி மூத்த மகனுக்குத் தன் தந்தை முத்துவேலரின் நினைவாக முத்து என்று பெயரிட்டார். அடுத்தவர், சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் நினைவாக அழகிரி. 1953 மார்ச் மாதம் பிறந்தவருக்கு, அதே வாரத்தில் மறைந்த சோவியத் தலைவரின் பெயர். முத்து, அழகிரி, ஸ்டாலின் என்று அடுக்கிச் சொன்னால் ஓசை பொருந்தாது. ஆனால் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பதில் இருக்கிறது. என் தங்கை கேட்டது அப்படியொரு பதிலைத்தான்.

சேர்த்துக் கட்ட ஓர் எழுத்து இருக்கிறது

ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பெயரைக் கேட்டதும் தெரிய வேண்டாமா என்பார்கள். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் நாடுகளில் அந்த வேலையைக் குடும்பப் பெயர் செய்துவிடுகிறது. நம்மிடம் அதைச் செய்வது தலைப்பெழுத்து. ஒற்றை எழுத்துதான், ஆனால் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அது கட்டி வைக்கிறது.

சென்னையின் வைஷாலி, பிரக்ஞானந்தாவைப் பாருங்கள். அக்கா பெயருக்கும் தம்பி பெயருக்கும் மோனையும் இல்லை, இயைபும் இல்லை. உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் அக்கா–தம்பி இணை அவர்கள். 2024-ல் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் இருவரும் ஆடினார்கள். அதே ஆண்டு புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றபோது, இவர் ஓர் அணியிலும் அவர் ஓர் அணியிலும் இருந்தார்கள். ஆர். வைஷாலி, ஆர். பிரக்ஞானந்தா. பெயரில் பொதுவாக இருப்பது அந்த 'ஆர்.' ஒன்றுதான். அவர்களைப் பிரித்துப் பேச இன்று யாராலும் முடியவில்லை.

ஒலியை விட்டுப் பொருளால் பிள்ளைகளை இணைத்த தந்தையும் உண்டு. மறைமலை அடிகள் தம் நான்கு மகன்களுக்குத் திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், திருநாவுக்கரசு, சுந்தரமூர்த்தி என்று சைவ நால்வர் பெயர்களையும் சூட்டினார். நான்கு பெயர்களும் நான்கு விதமாக ஒலிக்கின்றன, ஆனால் நால்வரையும் சேர்த்தால்தான் அந்தத் தந்தையின் நெஞ்சில் இருந்தது முழுமையாகத் தெரிகிறது. 1916-ல் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கியபோது பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார், மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். முன்பே தமிழாக இருந்ததால் திருநாவுக்கரசு மட்டும் அப்படியே நின்றார். பின்னாளில் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதியவர் இந்த மறை. திருநாவுக்கரசு.

வாய் தவறும் இடம்

ஒலி ஒப்புமைக்கு அன்றாட வாழ்வில் ஒரு விலையும் உண்டு. மூத்தவனைக் கூப்பிடப்போய் இளையவன் பெயரைச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொள்ளாத தாய் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெருங்கியவர்களின் பெயரை மாற்றிச் சொல்லும்போது, பெரும்பாலும் அதே உறவு வட்டத்துக்குள்தான் மாற்றிச் சொல்கிறோம். முகச்சாயல் ஒத்திருப்பது இதற்குப் பெரிய காரணமில்லை. பெயர்களின் ஒலி ஒத்திருந்தால் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. ஆக, வாய் தவறுவது அன்புக் குறைவால் அல்ல. அது நம் மனம் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கும் முறை. அதற்கு மேலும் வழி அமைத்துத் தர வேண்டுமா என்பதே கேள்வி.

வீட்டுக்குள் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வெளியே அப்படியில்லை. ஆர். ஹரிஷ், ஆர். ஹரிணி என்று இரட்டையர்கள் இருந்தால் தலைப்பெழுத்து ஒன்று, முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. ரேஷன் அட்டையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை அவர்கள் ஒவ்வொரு மேஜையிலும் நின்று "அது நான் இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டு மாறினால் ஆபத்தே நேரலாம். தலைப்பெழுத்து எப்படியும் ஒன்றாக இருக்கப்போகும் ஊரில், பெயராவது தெளிவாகப் பிரிந்து நிற்பது நல்லது.

போதும்பொண்ணு

உடன்பிறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது என் நெஞ்சு கனப்பது வேறோர் இடத்தில். மதுரை, தேனி வட்டாரத்தில் 'போதும்பொண்ணு' என்ற பெயர் இன்றும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் பெண் குழந்தைகளுக்கு 'வேண்டாம்' என்றே பெயரிடும் வழக்கம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. மூத்த அக்காவுக்குப் பாட்டி பெயர் இருக்கும், அடுத்தவளுக்குச் சாமி பெயர் இருக்கும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பிறந்தவளுக்கு, அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்ற பெற்றோரின் வேண்டுதலே பெயர். பள்ளியில் ஒவ்வொரு நாள் காலையும் வருகைப் பதிவேட்டில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும்.

பிச்சை, குப்பை என்று பெயர் வைத்த வழக்கமும் நம்மிடம் இருந்தது. ஆனால் அது வேறு. முன் பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், எமன் கண்ணில் படாமல் இதுவாவது தங்கட்டும் என்று அஞ்சி வைத்த பெயர்கள் அவை. அந்தப் பெயருக்குள் ஏக்கம் இருந்தது. போதும்பொண்ணு என்ற பெயருக்குள் அது இல்லை.

எதுகைக்காக வைத்த பெயரையும் போதும்பொண்ணையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். முன்னது ஆசையால் வருவது, பின்னது அநீதி. ஆனாலும் இரண்டிலும் ஒன்று பொது. பிறந்த குழந்தையைப் பார்த்து வைத்த பெயரல்ல அது. முன்னால் பிறந்தவர்களைக் கணக்குப் போட்டு வைத்தது.

தொட்டிலருகே நிற்பவர்களுக்கு

உடன்பிறந்தவர்களின் பெயர்கள் பொருந்தத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருத்தம் ஒலியில் அல்ல, மதிப்பில். ஒருவனுக்கு ஆழ்ந்த பொருளுள்ள பெயர், இன்னொருத்திக்கு அதன் ஓசைக்கு ஒட்டவைத்த பொருளற்ற எழுத்துக் கூட்டு என்றால், அது பொருந்தாப் பெயர். ஒருத்திக்குக் கவின்மொழி, அவள் தம்பிக்கு இளவேனில் என்றால் ஓரெழுத்துகூட ஒட்டாவிட்டாலும் அது பொருத்தமான பெயர். இருவரும் ஒருநாள் "எனக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்பார்கள். இருவருக்கும் சொல்ல ஒரே அளவு கதை உங்களிடம் இருக்க வேண்டும்.

எதுகை தானாக அமைந்தால் மகிழ்ச்சியோடு வையுங்கள். அமையாவிட்டால் வலிந்து தேடாதீர்கள். தேர்ந்தெடுத்த பெயரை வாசலில் நின்று தெருமுனைவரை கேட்கும்படி ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். மூத்த பிள்ளை திரும்பிப் பார்த்தால் வேறு பெயர் தேடுங்கள். தலைப்பெழுத்தோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். அண்ணனோ அக்காவோ பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பெயர் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயரில்லாமலும் பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழியிருக்கிறது. 'போதும்' என்று பெயர் வைக்கப்பட்ட பெண்கள் வளர்ந்த பிறகும் அரசிதழ் வழியாகத் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அப்படியொருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், விண்ணப்பத்தை நீங்களே வாங்கி வந்து கொடுங்கள்.

என் தங்கை அன்று தொட்டிலைக் காலியாகவே ஆட்டிவிட்டு எழுந்தாள். பெயர் வைக்க இன்னும் பத்து நாள் ஆயிற்று. மூத்தவனுக்கும் அதே அளவு நாள் யோசித்ததாகச் சொன்னாள். உங்கள் இரண்டாவது பிள்ளைக்கும் அந்த நாட்களைக் கொடுங்கள்.