நோயாளி நோயாளிக்கு எழுதியது

கடும் நோயிலும் மகிழ்ச்சி உண்டு என்று சொல்லும் கிறிஸ்தவம், வலி இல்லை என்று சொல்வதில்லை. வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் இருக்கும் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். தூக்கமில்லாத இரவுகளையும் நோகும் எலும்புகளையும் சொல்லி, ‘ஏன் காணாமல் இருக்கிறீர்’ என்ற தொனியில் கடவுளிடமே முறையிடும் பாடல்கள் அவை. வேதாகமத்தில் வரும் யோபு உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்தபோது, ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர்கள் விளக்கம் சொன்னார்கள். கதை முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் விழுகிறது. அப்போஸ்தலர் பவுல் தன் உடலில் குத்திய ‘முள்’ நீங்க வேண்டும் என்று மூன்று முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, அதைத் தாங்குவதற்கான கிருபைதான் கிடைத்தது. அந்த முள் என்ன என்பது இன்றுவரை விவாதத்திலேயே இருக்கிறது. ஒருவகையில் அதுவும் நல்லதுதான், எந்த நோயாளியும் அதைத் தன்னுடையதாக வாசிக்கலாம்.

அதற்காகச் சபைகள் சுகம் வேண்டி ஜெபிக்காமல் இருப்பதில்லை. வியாதிப்பட்டவருக்குச் சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்கிறது யாக்கோபின் நிருபம். கத்தோலிக்கத் திருச்சபையில் நோயில்பூசுதல் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகளின் சுகமளிக்கும் கூட்டங்கள் தமிழ்நாட்டுக்கு நன்கு பழக்கமானவை. அங்கே சுகம் கிடைத்தவர் மேடையேறிச் சாட்சி சொல்வார். கிடைக்காதவருக்கு மேடை இல்லை. ‘விசுவாசம் போதவில்லை’ என்ற பேச்சும் சில நேரம் அவர் காதில் விழும். யோபின் நண்பர்கள் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சுகம் கிடைக்காதவரின் சாட்சி எப்படி இருக்கும் என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1895-இல் மிஷனரியாக இந்தியா வந்தார். பிறகு ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில், கோயில்களுக்குப் பொட்டுக் கட்டிவிடப்படும் ஆபத்தில் இருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் அடைக்கலம் கொடுத்தார். ஆதரவற்ற ஆண் குழந்தைகளும் பின்னர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் அவர் ‘அம்மா’.

நோயைப் பற்றிய பாடத்தை அவர் முதலில் கற்றது தன் உடம்பிலிருந்து அல்ல. பொன்னம்மாள் என்ற இளம் விதவை அவருடைய வலக்கையாக இருந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்காக நடந்த காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவருக்குப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, டோனாவூரே ஜெபித்தது, ஆனாலும் 1915-இல் அவர் இறந்தார். அவருடைய வாழ்க்கையைத் தனிப் புத்தகமாக எழுதிய ஏமி, ஜெபம் கேட்கப்படாதது போலத் தோன்றும் இடத்தை மழுப்பாமல் எழுதினார்.

1931 அக்டோபர் 24 அன்று மாலை, களக்காட்டில் மருந்தகம் தொடங்குவதற்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார் ஏமி. இருட்டத் தொடங்கிய நேரம். தோண்டக் கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகுத்தண்டிலும் அடிபட்டது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது அவருக்கு 63 வயது. முறிவு ஆறினாலும் வலி விடவில்லை. வேறு கோளாறுகளும் தொடர்ந்தன. எஞ்சியிருந்த ஏறக்குறைய 20 ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரே அறையில், பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தது.

நோயில் கிடப்பவர்களுக்கென்றே அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களும் ஆறுதல் புத்தகங்களும் அவருக்கு வந்து குவிந்தன. அவற்றில் பல அவருக்கு எதையும் தரவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர் நோயாளிக்கு எழுதியவை அவை என்பதே காரணம் என்று கண்டுகொண்டார். சுகமானவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது வலிக்கு வெளியே நின்று சொன்னதுதான். டோனாவூரோடு தொடர்பிலிருந்த நோயாளிகளுக்கு அவரே கடிதம் எழுதத் தொடங்கினார். வலி தீர்ந்தபின் நினைத்துப் பார்த்து எழுதியவை அல்ல, வலி இருக்கும்போதே எழுதியவை. ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற பெயரில் 1933-இல் அவை நூலாக வந்தன. நோயாளிகளுக்கான கிறிஸ்தவ எழுத்தில் இந்த நூலுக்கு ஒரு தனி இடம் உண்டு என்றால், அது இந்த நேர்மையால்தான்.

அந்தக் கடிதங்களில் மகிழ்ச்சி ஓர் உணர்ச்சியாக வருவதில்லை. சோர்வு வரும், எரிச்சல் வரும், தூக்கமில்லாத இரவு விடியாமல் நீளும். இதையெல்லாம் அவர் ஒப்புக்கொள்கிறார். நடந்ததை ஏற்றுக்கொள்வது ஒன்று, தலைவிதி என்று கைவிடுவது வேறொன்று என்பது அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. கைவிட்டவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஏற்றுக்கொண்டவருக்கோ, இந்த நிலையிலேயே செய்யக்கூடியது என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கும். ஏன் எனக்கு இது என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் இருப்பது விளக்கம் அல்ல, சிலுவையில் பாடுபட்ட ஒருவர். படுத்திருப்பவரின் வலியை உள்ளிருந்து அறிந்தவர் அவர் என்பதே ஏமி பற்றிக்கொண்ட ஆறுதல்.

இந்த ஏற்பு சும்மா கிடக்கும் ஏற்பும் அல்ல. நடமாடிய காலத்தில் நேரம் கிடைக்காத எழுத்து வேலை இப்போது முழு வேலையாயிற்று. டோனாவூரின் வரலாறான ‘கோல்டு கார்டு’ 1932-இலும், துன்பத்தைப் பற்றிய ‘கோல்டு பை மூன்லைட்’ 1935-இலும், சிறிய நூலான ‘இஃப்’ 1938-இலும் வந்தன. சுமார் 35 நூல்கள் எழுதியவர் அவர். அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை படுக்கைக் காலத்தில் எழுந்தவை. டோனாவூர்க் குடும்பத்துக்காக நாள்தோறும் எழுதிய சிறு குறிப்புகள் அவர் இறந்தபின் தொகுப்பாக வெளிவந்தன. குழந்தைகள் ஒவ்வொருவரும் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளைப் பிறந்தநாள்போலக் கொண்டாடுவது அங்கே வழக்கமாக இருந்தது. படுத்த படுக்கையிலும் அந்த நாட்களை அவர் விட்டுவிடவில்லை. ‘சமாதான அறை’ என்று பெயர் பெற்ற அவருடைய அறைக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். தன்னால் இன்னும் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற எண்ணம், எந்த உபதேசத்தையும்விட அவரை அதிகமாகத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவருக்குத் தனி அறை இருந்தது, டோனாவூருக்கென்று மருத்துவர்கள் இருந்தார்கள், அவர் வளர்த்த பெண்களே அருகிலிருந்து கவனித்தார்கள். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனுக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு இதில் எதுவும் கிடையாது. விசுவாசம் தனி ஒருவரின் மன உறுதியாக மட்டும் நிற்பதில்லை. உணவு கொண்டுவருபவரும், புண்ணைக் கழுவுபவரும், இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்தால்தான் அது நோயாளிக்கு எட்டும். வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பதைச் சபைகள் ஒரு கடமையாகவே வைத்திருப்பதும் இதனால்தான். டோனாவூர் ஜெபத்தை மருத்துவத்துக்கு எதிரானதாகவும் வைக்கவில்லை. தன் ஆஸ்பத்திரிக்குப் ‘பரம சுக சாலை’ என்று பெயர் வைத்த ஊர் அது.

கடைசி ஆண்டுகள் எளிதாக இல்லை. 1948-இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்து கையும் இடுப்பும் முறிந்தன. அதன்பின் படுக்கையைவிட்டு எழவே இல்லை. டோனாவூரின் பொறுப்பை ஏற்று நடத்துவார் என்று அவர் நம்பியிருந்த காட்ஃப்ரே வெப்-பெப்லோ 1949-இல் இறந்தது பெரிய அடி. 1951 ஜனவரி 18 அன்று, 83-ஆம் வயதில், ஏமி டோனாவூரிலேயே காலமானார். நோயாளிகளுக்கு எழுதிய அந்தக் கடிதங்கள் இன்றும் அச்சில் இருக்கின்றன.