மறியலுக்குத் திரும்பினவர் எத்தனை பேர்?

ஓர் அமைப்பு சிறைக்கைதிகள் நூறு பேருக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தது. விடுதலையான பின் இருபது பேர்தான் திரும்ப மறியலுக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் இதைச் சொன்னால் நாம் கைதட்டுவோம். எனக்கோ ஒரு கேள்வி எழும்: அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அதுவும் இருபதுதான் என்றால், பயிற்சியால் குற்றம் குறையவில்லை.

இதற்கு விடை காண அந்த அமைப்பால் தனியே முடியாது. யார் பயிற்சி பெற்றார் என்பது அதற்குத் தெரியும். பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பது பொலிஸ், நீதிமன்றப் பதிவுகளில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான நீதி அமைச்சு 2013 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு தரவு ஆய்வுகூடத்தைத் தொடங்கியது. அமைப்புகள் தாம் உதவியவர்களின் விபரங்களை அங்கே ஒப்படைக்கும். அதிகாரிகள் அவற்றைத் தேசிய பொலிஸ் கணினிப் பதிவுகளோடு இணைப்பார்கள். வயது, பால், முந்தைய குற்றங்கள் ஆகியவற்றில் ஒத்த, ஆனால் அந்த உதவியைப் பெறாத வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்து இரு சாராரையும் ஒப்பிடுவார்கள். ஓராண்டுக்குள் மீண்டும் குற்றம் செய்தார்களா என்று பார்ப்பார்கள். வழக்கு முடிவதற்காக மேலும் ஆறு மாதம் பொறுப்பார்கள். அமைப்புக்குத் திரும்பி வருவது மொத்தக் கணக்கு மட்டுமே. இன்னார் திரும்பப் பிடிபட்டார் என்ற தகவல் வெளியே போகாது.

கைதிகளின் படிப்புக்கு நிதி கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் உதவியைப் பெற்ற 3,085 பேரை இப்படி ஆராய்ந்தபோது, 19 வீதமானோர் மீண்டும் குற்றம் செய்திருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 26 வீதம். நல்ல சேதிதான். ஆனாலும் படிக்கக் கேட்டு விண்ணப்பித்தவர் முன்பே திருந்த நினைத்தவராக இருக்கலாம். மனதுக்குள் இருக்கும் அந்த விருப்பம் எந்தக் கணினியிலும் பதிவாகாது. இந்தக் குறையையும் சேர்த்தே முடிவை வாசிக்க வேண்டும்.

இதே ஒப்பீட்டு முறை கசப்பான உண்மையையும் காட்டும். பாலியல் குற்றவாளிகளுக்காக அங்குள்ள சிறைகளில் நெடுங்காலம் நடந்த பிரதான சிகிச்சைத் திட்டத்தின் மதிப்பீடு 2017இல் வெளியானது. சிகிச்சை பெற்ற 2,562 பேரில் 10 வீதமானோர் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தனர். பெறாத 13,219 பேரில் 8 வீதம். நல்லெண்ணத்தோடு நடத்தியது பலன் தரவில்லை. அதே ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டு வேறு திட்டங்கள் வந்தன. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றும் அதையே நடத்திக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டில் சிறைச்சாலைகள் திணைக்களம் ஆண்டுதோறும் புள்ளிவிபரம் வெளியிடுகிறது. முதல் தடவை வந்தவர், திரும்ப வந்தவர் என்ற பிரிப்பும் அதில் உண்டு. ஆனால் அது வாசலுக்குள் வருபவரை எண்ணும் கணக்கு. எந்த உதவி பெற்று வெளியே போனவர் திரும்பவில்லை என்பதை அறிய, உதவி செய்தவரின் பதிவும் அதோடு சேர வேண்டும்.

ஆகவே போதை மறுவாழ்வு, தொழிற்பயிற்சி என்று உழைக்கும் நம் சங்கங்கள் முதலில் ஒழுங்கான பதிவொன்றை வைக்கட்டும்: யார், எப்போது, எவ்வளவு காலம், இடையில் விட்டவர் யார். அதைப் பூட்டியும் வைக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. "அவன் மறியலுக்குப் போய் வந்தவன்" எண்டு ஊர் வாயில் பெயர் விழுந்தால், அந்த மனுசனுக்கு வேலை தர யாரும் வரமாட்டார்கள். வேலை இல்லாதவர் திரும்பப் போகும் பாதையை நாமே திறந்துவிட்டவர்களாவோம்.