லினக்ஸ் நிறுவியபின் வைஃபை ஏன் வருவதில்லை?

மடிக்கணினியில் டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியவர்கள் பலர், திரையும் விசைப்பலகையும் ஒலியும் ஒழுங்காக இயங்க, வைஃபை மட்டும் தலைகாட்டாத நிலையைச் சந்திக்கின்றனர். நிறுவலில்தான் பிழை நேர்ந்தது என்றெண்ணி எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவினாலும், அதே நிறுவி அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும்.

வைஃபை சில்லு இயங்க இரண்டு மென்பொருள்கள் வேண்டும். ஒன்று, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்துகொண்டு சில்லுக்குக் கட்டளையிடும் டிரைவர். மற்றொன்று, சில்லுக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓடும் ஃபர்ம்வேர். பல சில்லுகளில் ஃபர்ம்வேரை நிலையாகச் சேமித்துவைக்க இடமில்லாததால், கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதனை வட்டிலிருந்து எடுத்துச் சில்லில் ஏற்ற வேண்டியிருக்கிறது. டிரைவரின் மூலநிரல் திறந்ததாக இருந்தாலும், ஃபர்ம்வேரை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் மூலநிரலின்றி இருமக் கோப்பாகவே தருகின்றனர். தன் அமைப்பு முழுவதும் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்று 1997இல் சமூக ஒப்பந்தத்தின் வழியே உறுதியளித்த டெபியன், இத்தகைய கோப்புகளைப் பல ஆண்டுகள் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. ஆகவே ஃபர்ம்வேரைப் பெற இணையமும், இணையத்தைப் பெற ஃபர்ம்வேரும் தேவைப்படும் முட்டுக்கட்டை உருவானது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த ஒப்பந்தத்தைத் திருத்தியதன் பயனாக, 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பின் நிறுவி இக்கோப்புகளுடனேயே வந்தது. கொள்கை தளர்ந்ததாக வருந்துவோர் உண்டு. ஆயினும் முதல் நாளிலேயே பயனர் மனம் தளர்ந்து விலகிச் செல்வதால் கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு நன்மையும் விளையாது என்பதால், அம்முடிவு நியாயமானதே.

எனினும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. கெர்னலைவிடச் சில்லு புதியதாக இருந்தால், அதற்குரிய டிரைவரே கெர்னலில் இராது. எது குறை என்பதைக் கணினியிடமே கேட்டறியலாம். எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை ‘கே’ என்ற தெரிவுடன் இட்டால், சில்லின் பெயரும் அதனைக் கையாளும் டிரைவரின் பெயரும் தெரியவரும். டிரைவர் இல்லையெனில் புதிய கெர்னல் தேவைப்படலாம். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இல்லையெனில், கெர்னலின் பதிவேடு விடுபட்ட கோப்பின் பெயரையே பெரும்பாலும் சொல்லிவிடும். அதனைப் பதிவிறக்க, கைப்பேசியை யூஎஸ்பி வழியே இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்வதே எளிய வழி; அதற்குத் தனி ஃபர்ம்வேர் தேவையில்லை.

இணைப்பு கிடைத்தும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லையெனில், 1.1.1.1 போன்ற எண்முகவரிக்கு பிங் அனுப்பிப் பார்க்கலாம். மறுமொழி வந்தால், தளப்பெயர்களை எண்களாக்கும் டிஎன்எஸ் அமைப்பிலேயே பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

வைஃபையைப் போலவே சிலருக்குத் திரையும் சிக்கல் தருவதுண்டு; அத்தகைய சிக்கல்களில் என்விடியா வரைகலை அட்டைகளுக்குத் தனியிடம் உண்டு. உற்பத்தியாளரின் டிரைவரை நிறுவிய பின்னும் அது இயங்காமற்போக, கையொப்பமிடாத கெர்னல் பகுதிகளைத் தடுக்கும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு ஏற்பாடு காரணமாகலாம். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் அந்த டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்பட்டிருந்தால், மறுதொடக்கத்தின்போது தோன்றும் நீலத் திரையில் அதனை உள்ளிட்டுப் புதிய கையொப்ப விசையைப் பதிவுசெய்ய வேண்டும். அத்திரையைப் பொருட்படுத்தாமல் கடந்துவிட்டால், நிறுவப்பட்ட டிரைவரைக் கெர்னல் ஏற்காது.