ஃபராக்கா கதவும் ஹவுராவின் இலிஷ் மீனும்

ஆடி பிறந்துவிட்டால் ஹவுரா ரயில் நிலையத்தை ஒட்டிய மொத்த மீன் சந்தையில் இலிஷ் மீனைப் பற்றித்தான் பேச்சு. ஐஸ் பெட்டி திறந்ததும் இரண்டு கேள்விகள் எழும்: எடை என்ன, எந்த ஆற்று மீன்? ஒரு கிலோவைத் தாண்டிய மீனுக்கு விலை தாவி ஏறும். டயமண்ட் ஹார்பர் மீன், ரூப்நாராயண் ஆற்றின் கோலாகாட் மீன், வங்கதேசத்திலிருந்து எல்லை தாண்டி வரும் பத்மா ஆற்று மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு உண்டு. தமிழகக் கரையில் உல்லம் என்று அழைக்கப்படும் அதே மீன்தான் இது.

கடலில் வளரும் இலிஷ், முட்டையிட நன்னீரைத் தேடி ஆற்றில் ஏறும். மழையில் ஆறு கலங்கிப் பெருகும் ஜூலை முதல் அக்டோபர் வரை பெரிய வரத்து; தை, மாசியில் சிறிதாக இன்னொன்று. நன்கு வளர்ந்த பெண் மீன் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஆற்றில் பருவம் பார்த்துப் பிடிக்கும் மீன் என்றால் மேலைநாட்டார் ட்ரவுட்டைச் சொல்வார்கள். இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சியைக் காட்டினால் ட்ரவுட் பாய்ந்து கவ்வும். இலிஷ் அப்படி ஏமாறாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் என்பதால் தூண்டிலுக்கு அது வருவது அரிது. ஹவுரா வழியே ஓடும் கங்கையின் கிளையான ஹூக்ளியின் மீனவர்கள் ஏற்றம், வற்றம் பார்த்துப் படகெடுத்து, நீரோட்டத்தின் குறுக்கே செவுள் வலையை மிதக்கவிடுகிறார்கள்.

இந்த மீன் ஒரு காலத்தில் ஹவுராவைக் கடந்து வெகுதூரம் போனது. பக்ஸர், அலகாபாத் வரை கங்கையில் இலிஷ் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. யமுனையில் ஆக்ரா வரைகூட அது ஏறியதாகப் பதிவுகள் உண்டு.

1975 ஏப்ரலில் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், நூற்றுக்கும் மேற்பட்ட கதவுகள். கொல்கத்தா துறைமுகத்தில் சேரும் வண்டலை அடித்துச் செல்ல, சுமார் 38 கிலோமீட்டர் கால்வாய் வழியே வினாடிக்கு 40,000 கன அடி வரை தண்ணீரை ஹூக்ளிக்குத் திருப்புவதே நோக்கம். அந்தத் தண்ணீரால் கீழ்ப்பகுதியில் உப்பு குறைந்தது. நன்னீர்ப் பரப்பு கடல் பக்கமாக நீண்டது. ஹவுராவை ஒட்டிய கழிமுக மீன்பிடிப்புக்கு அது நன்மைதான். அணைக்கு மேலே கதை வேறு. சில ஆண்டுகளிலேயே பீகார், உத்தரப் பிரதேச மீனவர்களின் வலையில் இலிஷ் விழுவது ஏறக்குறைய நின்றே போனது. அணையிலேயே மீன் கடக்க வழி வைத்திருந்தும் பெரிதாகப் பயன் தரவில்லை.

காவிரி இதை முன்பே பார்த்துவிட்டது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை, 1934-ல் மேட்டூர் அணை என்று தடுப்புகள் எழ, உல்லத்தின் ஏற்றம் சுருங்கியது. நீலகிரியில் ட்ரவுட்டை நிலைநிறுத்திய எச்.சி. வில்சன்தான் 1909 வாக்கில் கொள்ளிடத்தில் உல்ல முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றவர். அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் நிலைத்தது. உல்லம் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. தண்ணீரை விட்டு எடுத்த சிறிது நேரத்திலேயே செத்துவிடும் மீனை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானிக்கும் வேலை கடினம்தான்.

வங்கத்துப் பல வீடுகளில் விஜயதசமியோடு இலிஷ் நின்றுவிடும். சரஸ்வதி பூஜைக்குத்தான் மறுபடி அடுப்பேறும். முட்டையிட்டுத் திரும்பும் மீனுக்கும் குஞ்சுக்கும் கிடைத்த அருமையான ஓய்வுக்காலம் அது. 2013-ல் மேற்கு வங்க அரசும் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் தடை போட்டது. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 24 வரை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னது. இருந்தும் ‘கோகா இலிஷ்’ என்னும் உள்ளங்கை நீளக் குஞ்சுகள் சந்தைக்கு வந்தபடியே இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கையையும் இதில் குற்றம் சொல்லத்தான் வேண்டும்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், கங்கைத் தூய்மைத் திட்டத்தின் கீழ் உயிருள்ள இலிஷ்களை ஃபராக்காவுக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றுக்கு அடையாளப் பட்டையும் கட்டுகிறார்கள். படகுகள் கடக்கும் புதிய நீர்ப்பூட்டின் கதவை, மீன் ஏறும் பருவத்தில் பின்னிரவு 1 மணி முதல் 5 மணி வரை திறந்துவிடும் திட்டத்தை 2019-ல் மத்திய அரசு அறிவித்தது.

இந்தியாவும் வங்கதேசமும் 1996-ல் செய்த கங்கை நீர் ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி முதல் மே வரை யாருக்கு எத்தனை கன அடி என்று பத்து நாள் கணக்காக அதில் எழுதியிருக்கிறார்கள். தை, மாசி மீன் வரத்தும் அதே மாதங்களில்தான். அடுத்த பேச்சுவார்த்தையில் மீன்வளத் துறையினருக்கும் நாற்காலி போட வேண்டும். எந்த இரவுகளில், எத்தனை மணி நேரம் கதவு திறக்கும் என்பதும் கன அடியைப் போலவே எண்ணாக அந்தத் தாளில் ஏற வேண்டும்.